இந்த முறை மாதத்தைப் பார்ப்போம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியவன், "படகில் ஏறும் அளவுக்கு" என்று சேர்த்திருந்தாயே, அங்கேதான் சிரித்துவிட்டேன். ஆக, திமிங்கலம் பார்க்கும் ஆசையை நீ இன்னும் விடவில்லை.

போன தடவை எங்கே சறுக்கினோம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, லீவு கிடைத்த வாரத்தில் கிளம்பினோம். திமிங்கலம் நம் லீவுக்காகக் காத்திருக்குமா? நான்கு மணி நேரம் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தோம். நீ அதைக்கூடப் பார்க்கவில்லை, பாதி நேரம் கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாய்.

அதனால் இந்த முறை நீ மாதத்தைச் சொல், நான் இடத்தைச் சொல்கிறேன். ஜூலை முதல் அக்டோபர் வரை என்றால் ஆஸ்திரேலியாவின் ஹார்வி விரிகுடா. கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டிகளோடு அங்கே வந்து தங்கும். எந்த மாதமும் தோதுப்படவில்லையா, நியூசிலாந்தின் கைகோரா இருக்கிறது. கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால், ஆழத்தில் இரை தேடும் ஸ்பெர்ம் திமிங்கலங்களை ஆண்டு முழுதும் பார்க்கலாம். ஆனால் அது முங்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது. உன் பொறுமை எனக்குத் தெரியும்.

என் மனசு என்னவோ நீலத் திமிங்கலத்திடம்தான். 30 மீட்டர் வரை வளரும் உடம்பு. அது மூச்சு விட்டால் நீர்த்தூவல் 9 மீட்டர் உயரத்துக்கு எழும்பும். இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸாவுக்கு வெளியே நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அப்புறம் கிழக்கே திருகோணமலைப் பக்கம் தேடலாம். அங்குள்ளவை துருவக் கடலுக்குப் போவதில்லையாம், வட இந்தியப் பெருங்கடலே அவற்றுக்குப் போதும். சங்கடம் என்னவென்றால், அவை இரை தேடும் அதே தென்கடல் வழியாகத்தான் பெரிய சரக்குக் கப்பல்களும் போகின்றன. கப்பலில் அடிபட்டுச் செத்த திமிங்கலங்களைப் பற்றிப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

நாமும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது, இல்லையா? "மிகப் பக்கத்தில் காட்டுகிறோம்" என்று ஆசை காட்டும் படகு வேண்டாம். பல நாடுகளில் 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எதிரே போய் மறிக்காமல், பின்னால் துரத்தாமல், பக்கவாட்டில் மெதுவாகப் போகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம். படகோட்டி இதற்குச் சலித்துக்கொண்டால் அந்தப் படகே வேண்டாம்.

ஒரே நாளை நம்பாமல் அடுத்தடுத்து இரண்டு காலைகளை ஒதுக்கி வைப்போம். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. உட்காருவது படகின் நடுவில், பார்வை அடிவானத்தில். போன முறை மாதிரி முனையில் போய் நிற்காதே, அங்கேதான் ஆட்டம் அதிகம்.

உன் பைனாகுலரை வெளியே எடுத்து லென்சில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார். லீவு எந்த மாதம் கிடைக்கும் என்று இரண்டு வரி எழுது, போதும்.

உன்,
பழைய படகுத் துணை