படத்தில் இருப்பது காப்பி, தேயிலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் பண்ணைச் சுற்றுலா பற்றி எழுதியவர், "ஏற்காட்டில் ஒரு நாளுக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, ஒருமுறை போனவர்கள் மறுபடி போவதில்லை" என்று முடித்திருக்கிறார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஏரியில் படகு விட்டு, பக்கோடா பாயிண்டில் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே இறங்கியிருப்பார். சரி, அவருக்கு அவ்வளவுதான் நேரம்.

நாகலூர்ப் பக்கம் எனக்கு 3 ஏக்கர் காப்பி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. விருந்தாளிகளுக்கு இரண்டு அறை. 6 வருடத்துக்கு முன், ஆனி மழையில், ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் ஒரு மிளகுக் கொடியை நட்டு, வாழை நாரால் மரத்தோடு கட்டிவிட்டுப் போனாள். மறு வருடம் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவே வந்தார்கள். மூன்றாம் வருடம் சரம் பிடித்தது. அவளே பறித்துப் பாயில் காயவைத்து, பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். போன தையில் வந்தவள், கை எட்டவில்லை என்று ஏணி கேட்டாள். உங்கள் கட்டுரையாளர் சொல்கிற செல்ஃபி மேடையும் நீச்சல் குளமும் என்னிடம் இல்லை.

மே வந்தால் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று முழுப் பக்கம் போடுகிறீர்கள். அப்போது காப்பிச் செடியில் பூவும் இருக்காது, பழமும் இருக்காது, பச்சைப் பிஞ்சுதான். மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று விழுந்து ஒன்பது பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பழம் பறிப்பது நவம்பருக்கு மேல். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஒன்றுமில்லாத மாதத்தில் ஆளை அனுப்பிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதினால் எப்படி?

இதையே இரண்டு வருடத்துக்கு முன்னும் எழுதினேன், வரவில்லை. இடம் இருந்திருக்காது. அந்த இதழில் ஒரு நடிகர் வீட்டு நாயின் பிறந்தநாள் படத்தோடு வந்திருந்தது.

பண்ணை வீடுகளில் கழிப்பறை சரியில்லை என்று அவர் எழுதியது மட்டும் நியாயம். முதல் வருடம் என்னிடம் வந்த இரண்டு குடும்பம் அதனாலேயே திரும்ப வரவில்லை.

அப்புறம், கட்டுரைப் படத்தின் கீழே 'ஏற்காடு தேயிலைத் தோட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது காப்பி, ஐயா. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர். அடுத்த இதழில் அந்த ஒரு வார்த்தையையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
நாகலூர், ஏற்காடு.