சொகுசு மாடிகளுக்குச் சதுப்புநிலம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் சொகுசு அடுக்குமாடிகளுக்கும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் இடம் தரலாமா என்ற விவாதம் பட்டாவையும், 2022-இல் அறிவிக்கப்பட்ட ராம்சர் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) எல்லையையுமே சுற்றி வருகிறது. பட்டா இருந்தால் மட்டும் மழைநீர் விலகிப் போய்விடாது.

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. கடல் ஏற்றத்தில் இருந்தால் வடிய வழியில்லை. வெள்ளம் ஒரு மீட்டர் நிற்கும் இடத்தில் ஐந்து ஏக்கரை கிராவல் கொட்டி அந்த அளவுக்கு மேடாக்கினால், இரண்டு கோடி லிட்டர் தண்ணீர் பக்கத்துத் தெருக்களுக்குப் போகும். மழைநீர் சேகரிப்புக் குழி இதற்கு ஈடாகாது. அடியில் களிமண், நிலத்தடி நீரும் மேலேயே இருக்கிறது. குழி முதல் மழைக்கே நிரம்பிவிடும்.

கார் நிறுத்த நிலத்துக்குக் கீழே இரண்டு அடித்தளம் என்றால் ஏழு மீட்டர் பள்ளம். நீர்மட்டம் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால், அடித்தளத்தின் கான்கிரீட் பலகையைச் சதுர மீட்டருக்கு ஆறு டன் விசை மேல்நோக்கித் தள்ளும். மேல்தளங்களின் எடை ஏறுமுன், நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள் நின்றால் பலகை தூக்கும், விரிசல் விடும். பள்ளத்தின் பக்கச்சுவர் சரிவது இன்னும் கொடியது. 2023 டிசம்பர் புயல் மழையில் வேளச்சேரிக் கட்டுமானப் பள்ளத்தில் இரண்டு உயிர்கள் போனதை நகரம் மறந்துவிடக் கூடாது. கட்டி முடித்த பிறகும் மின்பலகை, ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைத்தால், வெள்ளம் புகுந்ததும் லிஃப்டும் குடிநீர் மோட்டாரும் சேர்ந்தே நிற்கும்.

குடிநீர்க் கணக்கும் எளிது. 400 வீடு, வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 135 லிட்டர்: நாளொன்றுக்கு 2,16,000 லிட்டர். குழாய் இணைப்பு இல்லையென்றால் 12,000 லிட்டர் லாரி 18 நடை. நீச்சல்குளமும் ஓட்டல் சலவையும் இதில் சேரவில்லை.

இத்தகைய கட்டடங்களுக்கு ஏற்ற இடம் மேட்டுநிலம்: 18 மீட்டர் சாலை, பாதாளச் சாக்கடை, நடக்கும் தூரத்தில் மெட்ரோ. அண்ணா சாலையிலும் கிண்டியிலும் பழைய கட்டட மனைகளை மறுபடி கட்டலாம். தொழிற்சாலை நின்ற நிலமென்றால் எண்ணெய், உலோகக் கழிவு உண்டா என்று மண்ணை முதலில் சோதிக்க வேண்டும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) ஒவ்வொரு பெரிய விண்ணப்பத்துடனும் புல வரைபடம், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டு நகல், மனையைச் சுற்றி 500 மீட்டர் வரையிலான நிலமட்ட வரைபடம், 2015, 2023 வெள்ள மட்டக் குறி, மழைக்காலத்தில் அளந்த நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். கோடையில் போட்ட ஆழ்துளையின் அளவை ஏற்கக் கூடாது. நிலத்தை மேடாக்கும் திட்டத்துக்கு, இடம்பெயரும் நீரின் அளவையும் அது போய்ச் சேரும் இடத்தையும் காட்டாமல் அனுமதி தரக் கூடாது.

கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை