செந்தூல் பிளாட் மாடிக்காரர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் நாட்டுக்காக ஹாக்கி கோல்கீப்பராக என் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தேன். வாழ்த்துகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. சேர வேண்டிய சிலருக்கு அவை போய்ச் சேரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அப்பா. 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது எனக்கு ஏழு வயது. அந்த விளையாட்டில் ஹாக்கி சேர்ந்தது அதுவே முதல் தடவை. நம் ஆண்கள் அணி வெள்ளி வாங்கியதை ஊரே பேசியது. ஆனால் அப்பா என்னைப் புக்கிட் ஜாலிலுக்குக் கூட்டிப்போனது பெண்கள் ஆட்டத்துக்கு. ஹெல்மெட்டும் பெரிய பேடுமாக நின்ற கோல்கீப்பரை விட்டு என் கண் நகரவே இல்லை.

அப்புறம் எங்கள் மாடி. லெக்பேட், கிக்கர் (ஷூவுக்கு மேல் மாட்டும் கவசம்), கையுறை, மார்புக்கவசம் எல்லாமே தடித்த ஃபோம். தண்ணீர் தெளித்த டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) விழுந்து புரண்டால் ஊறிப்போகும். காயாவிட்டால் நாற்றம் தாங்காது. எங்கள் வீட்டில் பால்கனி இல்லை. பொது நடைபாதைச் சுவரில்தான் பத்து வருஷம் காய வைத்தேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எதிர்வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை), மழை வந்தால் தன் துணியை எடுப்பதற்கு முன்னால் என் பேடை எடுத்து உள்ளே வைப்பார். தெரிமா காசே, நன்றி மக்சிக்.

ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியை முடிவு செய்யும் ஷூட் அவுட்டில் எதிராளி 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பினால் கோல் போட 8 விநாடிதான். கீப்பர் அவசரப்பட்டு விழக்கூடாது. அந்த நேரம் தீரும்வரை காலூன்றி நிற்க வேண்டும். எப்போது முன்னே வருவது, எந்தப் பக்கம் மறிப்பது எல்லாம் பயிற்சியாளர்கள் கற்றுத் தந்தது. ஆனால் அந்த 8 விநாடியை என் உடம்பில் ஏற்றியது, கார் பார்க்கில் நின்று "ஆறு, ஏழு" என்று கத்திய தம்பியும் அவன் கூட்டாளிகளும்தான்.

எல்ஆர்டி ரயிலில் என் பைக்கு இடம் விட்டு எழுந்து நின்ற, பெயர் தெரியாதவர்களுக்கும் நன்றி.

முதல் வேலையில் பயிற்சி முகாமுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன். அடுத்த நாலு மாதம் வீட்டு வாடகை கட்டியது அக்கா. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு நான் சொல்கிறேன், கோவிச்சுக்காதீங்க அக்கா.

வரும் ஞாயிறு அம்மா சமைக்கிறார். மாடிக்காரர்கள் எல்லாரும் வாங்க. கீப்பராக ஆசைப்படும் மூன்றாம் மாடிப் பிள்ளைக்கு அன்று என் பேடைக் கொடுக்கப் போகிறேன். காய வைக்க அவளுக்கும் அந்தச் சுவரில் கொஞ்சம் இடம் விடுங்கள்.