பெரியம்மாவின் அறிவித்தலில் ஒரு காற்புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

போன கிழமை ரெலிபோனில் நான் கடுமையாகப் பேசிவிட்டேன். "செத்தவீட்டு நேரத்திலுமா காற்புள்ளி பார்க்கிறீங்கள் அப்பா" என்று நீ கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

பெரியம்மாவின் மரண அறிவித்தலை நீ அழுதுகொண்டுதான் எழுதியிருப்பாய். உன்னைத் தூக்கி வளர்த்தவ அல்லவோ. ஆனால் சகோதரர்களைச் சொல்லும் வரியை "காலஞ்சென்ற" என்று தொடங்கி, பெரிய மாமா, சின்ன மாமா, அம்மா என்று மூன்று பெயரையும் காற்புள்ளி போட்டு அடுக்கிவிட்டாய். காலமானவர் பெரிய மாமா மட்டும்தானே. காற்புள்ளி பிரித்துவிடும், அந்தச் சொல் முதல் பெயரோடு நின்றுவிடும் என்பது உன் வாதம். அப்படி நிற்காது பிள்ளை. "நல்ல அரிசி, பருப்பு வாங்கி வா" என்றால் பருப்பும் நல்லதாக இருக்கவேண்டும் என்றுதானே நீ எடுப்பாய்? அன்று பின்னேரமே வவுனியாவில் சின்ன மாமா வீட்டுக்கு இரண்டு பேர் துக்கம் விசாரித்து ரெலிபோன் எடுத்தார்கள். அக்காவைப் பறிகொடுத்து நின்ற மனிதன் தன் சாவுக்கும் பதில் சொல்லவேண்டி வந்தது. அதுதான் என் கோபம்.

அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் நாங்கள் உயிரோடு இருப்பவர்களை முன்னுக்குக் கோப்போம். "காலஞ்சென்ற" என்பதையும் அதற்குரிய பெயரையும் கடைசியில் வைப்போம். மூப்புப் பார்க்கும் குடும்பம் என்றால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "அமரர்" என்று போடுவோம். எல்லோரும் போனவர்கள் என்றால் மட்டும் "காலஞ்சென்றவர்களான".

அப்புறம், "அன்பு மகளும் அன்பு மனைவியும் பாசமிகு தாயாரும்" என்ற இடத்தில் நீ காற்புள்ளி போடவில்லை என்று அதற்கும் சத்தம் போட்டேன். அது என் பிழை. "உம்" வந்துவிட்டால் அதுவே சேர்த்தும் பிரித்தும் காட்டிவிடுகிறது. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்காமல் ஏட்டில் எழுதியவர்கள் அந்த "உம்"மை நம்பித்தானே எழுதினார்கள். 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர் பெருமான் உரைநடையில் இந்தக் குறிகளைப் பழக்கியது வாசிப்பவருக்குப் பொருள் தெளியவேண்டும் என்றுதான். பொருள் தெளிவாக இருக்கும் இடத்தில் நான் பிடிவாதம் பிடித்திருக்கக் கூடாது.

31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கவேண்டும். பெரியம்மாவைப் பற்றி நீயே எழுது, உன்னைப்போல் வேறு ஒருவரும் எழுதமாட்டார்கள். வருகிற வெள்ளிக்கு முதல் அனுப்பினால் நான் புரூஃப் பார்த்துவிடுவேன். "உம்" வரும் இடமெல்லாம் உன் விருப்பம். சகோதரர் வரியைச் சின்ன மாமாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டே அச்சுக்குக் கொடுப்பேன்.

அன்புடன்,
அப்பா