வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மண்டபம், பாம்பன், வேதாளை, தங்கச்சிமடம் பக்கத்துச் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. காட்சிக்கூடத்திலும் கூட்டம் வடிந்துவிட்டது. பாதிப் பேர் கடலில் இருப்பீர்கள், மீதிப் பேர் மீன் ஏலத்தில் நிற்பீர்கள். ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொல்ல முடியாது என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மண்டபத்தில் வலையும் கயிறும் அடைந்து கிடந்த ஒரு பழைய கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, விளக்குப் போட்டு, ஓவியக் காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே 6 அடிக்கு 4 அடி கேன்வாஸில் கடல்பாசி எடுக்கும் பெண்களை வரைய வேண்டும். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோர் முன்னாலும் வரைய வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. வரைய வந்தவன் நான். பிழைப்புக்குப் பள்ளிக்கூடச் சுவர்களில் படம் போடுவேன், படகுகளுக்குப் பெயர் எழுதுவேன். மிச்ச நேரத்தில்தான் கேன்வாஸ்.

முதல் நன்றி கூடத்தை நடத்துகிறவர்களுக்கு. நாள் கூலி இவ்வளவு, வண்ணச் செலவு எங்களுடையது, படம் விற்றால் உங்கள் பங்கு தனி என்று வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வெளியூரில் ஒரு திறப்பு விழாவில் மேடையோரமாக நிற்க வைத்து வரையச் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. பஸ் காசுகூடக் கிடையாது. படத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பொன்னாடையை வைத்துக்கொண்டு ஓவியன் என்ன செய்வான்? பிரஷ் துடைக்கக்கூட ஆகாது, தண்ணீரையே உறிஞ்சாது.

அதனால்தானோ என்னவோ, இங்கே உள்ளே வந்த பெரியவர் ஒருவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "நாளைக்கு என்ன கூலி குடுக்குறாக தம்பி?" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொன்னேன். "பரவால்ல, மதியச் சாப்பாடு உண்டுல்ல?" என்றார். உண்டு என்றேன். அப்புறம்தான் படத்தின் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் கேட்டார்கள்: கூலி, சாப்பாடு, எத்தனை மணிக்கு வேலை முடியும், அப்புறம் படம். ஓவியத்தை ஏதோ தெய்வ வரம் என்று பேசி என்னைத் தள்ளி வைக்காமல், உங்களைப் போல வேலைக்கு வந்த ஒருவனாகவே நடத்தினீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

தொடக்கத்தில் கேன்வாஸ் முழுக்க நீலத்தையும் பச்சையையும் நீர்க்கக் கலந்து அடித்தளம் மட்டும் போட்டிருந்தேன். ஆள் கிடையாது, படகு கிடையாது. அதைப் பார்த்து, "இது தென்கடலா, வடகடலா?" என்று ஒருவர் கேட்க, அரை மணி நேர வாக்குவாதம் நடந்தது. (தென்கடல் என்பது மன்னார் வளைகுடா, வடகடல் என்பது பாக் நீரிணைப் பக்கம்.) கலங்கிய பச்சை தெரிவதால் வடகடல்தான் என்று ஒரு கட்சி. பாசி எடுக்கிற படம் என்கிறார், அப்படியானால் தீவோரம், தென்கடல்தான் என்று இன்னொரு கட்சி. வடகடல் பெண்கடல், அமைதியானது, இத்தனை முரட்டுத்தனமாகப் பிரஷ் ஓடாது என்று ஒருவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் வரைந்திருந்தால் அந்த நிலையில் படத்தை யாருக்கும் காட்டியிருக்க மாட்டேன். ஒன்றுமே வரையாத கேன்வாஸை இவ்வளவு கவனமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் கிடைப்பார்களா, தெரியவில்லை.

பாசி எடுக்கும் அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வது? பாசி வளரட்டும் என்று நீங்களும் கடலுக்குப் போகாமல் இருந்த காலம் அது. இருந்தாலும் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். கைவிரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைய வேண்டும் என்று கேட்டதும், ஒரு அக்கா பையிலிருந்து பழைய கைலித் துணியை எடுத்தார். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தார். கட்டை விரலில் தொடங்கி, நகத்தை மூடி, மூட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றினார். மூட்டையும் சேர்த்துச் சுற்றினால் விரல் மடங்காதாம், பாறையிலிருந்து பாசியைப் பிடுங்க வராதாம். கடைசி முடிச்சை உள்ளங்கைப் பக்கம் போடாமல் புறங்கைப் பக்கம் தள்ளிப் போட்டார். "உள்ள போட்டா பாறையில உரசி அவுந்துரும்" என்றார். படத்தில் அந்த முடிச்சு ஒரு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் அதை வரைய ஒரு முழுப் பகல் போயிற்று. பின்னால் வந்த பெண்கள் பலரும் முதலில் விரல் வைத்துக் காட்டியது அந்த இடத்தைத்தான்.

அன்றைக்கு நான் சொன்ன ஒரு செய்தி உங்களுக்குப் பிடித்திருந்தது, வராதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து ஜெல்லி போல உறையும் அகர் எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டக்கோரைப் பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளைத் துணியில் சாயம் அச்சடிக்கும்போது கலக்கிறார்கள். சாயம் பக்கத்தில் ஓடிக் கசியாமல், போட்ட இடத்திலேயே நிற்பதற்காக. "அப்ப நம்ம சேலைப் பூவும் நம்ம பாசியிலதான் நிக்குதா?" என்று கேட்டுவிட்டு ஒரு அக்கா தன் முந்தானையை விரித்துப் பார்த்தார். எல்லாத் துணிக்கும் அதைத்தான் கலக்கிறார்கள் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டீர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தேசியப் பூங்காவான பிறகு தீவோரம் பாசி எடுக்க வனத்துறை தடை சொல்கிற சிக்கல் தெரிந்ததுதான். அதனால் ஒருவர், "முகத்தத் தெளிவாப் போட்டுராதீக" என்றார். அவர் படத்தில் குனிந்து, நீச்சல் கண்ணாடி மறைத்த பாதி முகத்தோடு இருக்கிறார். இன்னொருவர் நேர் எதிர். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததைச் சொல்லி, "அவுக படம் பேப்பர்ல வந்துச்சு, எம் படம் இங்கயாவது வரட்டும்" என்றார். அவர் வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கிறார். மூக்குத்தி வரைக்கும் சரியாக வந்திருக்கிறது, அவரே பார்த்துச் சொல்லிவிட்டார்.

மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றைப் பற்றி ஓவியம் வரைகிறவர்கள் யாராவது தனியாகவே எழுதலாம். அக்ரிலிக் வண்ணம் தண்ணீர் வற்றித்தான் காயும். தட்டில் பிழிந்து வைத்த நீலம், நான் திரும்பிப் பேசி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். அதோடு மணல் வேறு வந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். மேற்குச் சன்னலுக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி. கிழிந்த கயிற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படகுக் கயிறு எடுத்து வந்து கட்டினார். அந்த முடிச்சை அவிழ்க்க இன்று வரை எங்களால் முடியவில்லை, தார்ப்பாய் அப்படியே இருக்கிறது. தட்டின் மேல் போட ஈரத்துணியை மணிக்கு ஒரு தடவை நனைத்துக் கொடுத்தது கூடத்துக் காவலாளி. "கையால தொடாதீக, பாருங்க" என்று ஒரு நாளைக்கு அவர் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கே இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியைக்கு நன்றி. முதலில் அரண்மனை இராமலிங்க விலாசத்தில் சுவரோவியங்களைக் காட்டிவிட்டு, அப்புறம் இங்கே கூட்டி வந்தார். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சிவப்பையும், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் தர்பாருக்கு வந்து நிற்பதையும் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், "அங்க ராசா பெருசா இருக்காரு, இங்க ராசாவே இல்லையே" என்றான். நல்ல கேள்வி. பதிலுக்கு அவன் கையில் பிரஷைக் கொடுத்து, கீழே ஓரத்தில் ஒரு பாசிக் கொத்து போடச் சொன்னேன். அது படத்தில் இருக்கிறது, நான் திருத்தவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் பிரஷ் கொடுக்க வேண்டியதாகிவிட்டது, அதற்கென்று பழைய பலகை ஒன்று தேடினோம். அதுவும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது.

புதிய பாம்பன் பாலத்தைப் பற்றிச் சின்ன மனக்குறை மட்டும் உண்டு. 72.5 மீட்டர் தூக்குப் பாலம் அப்படியே 17 மீட்டர் மேலே ஏறப்போகிறது என்று யாராவது சொன்னால் போதும், கூடம் காலியாகிவிடும். காவலாளியும் சேர்ந்து ஓடிவிடுவார். 2025-இல் திறந்த பாலத்தோடு நான் போட்டி போட முடியுமா? சரி, அந்த இடைவெளியில்தான் டீ குடித்தேன். எதிர்க்கடை அண்ணன் கடைசி வரைக்கும் டீக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. கூடத்துக் கணக்கிலும் எழுதவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

கீழக்கரையிலிருந்து வந்து தொதல் என்ற இனிப்பைக் கொடுத்த லாத்தாவுக்கும் (அக்காவுக்கும்) நன்றி. எண்ணெயும் வெல்லமுமாக விரலில் ஒட்டிக்கொண்டு, அன்று பிற்பகல் முழுக்க நான் பிரஷைத் தொடவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

படம் ஆடி மாதம் முடியும் வரை கூடத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு விற்பனைக்கு வெளியூர் போகும். போவதற்கு முன்னால் கடலிலிருந்து திரும்பியவர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள். அக்காமார் கேட்ட படப் பிரதிகள் அச்சாகி வந்துவிட்டன. எதிர் டீக்கடையில் பெயர் எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன், காசு எதுவும் கொடுக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை கடை திறக்காது, மற்ற நாட்களில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கூடத்தில் படம் போட்டவன்