பெட்டியை மாற்றும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பார்

கோயம்புத்தூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி காது குத்து நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்ததால் எங்களால் கிளம்ப முடியவில்லை. இப்போது தேவலை. காலையில் பேப்பரை எனக்கு முன்னால் அவள்தான் எடுத்து வாசிக்கிறாள்.

கடிதத்தில் பாதிக்குமேல் கார் சமாச்சாரமாகவே இருந்தது. படித்ததும் ஃபோனில் கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் நம்பரும் இருக்கிறது. காகிதத்தில் இருந்தால் கையில் வைத்துக்கொண்டு செய்து பார்ப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதே.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடாமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸின் விளக்கும் ஸ்டீரிங் விளக்கும் சேர்ந்தே எரிகின்றன. கொஞ்ச தூரம் போனதும் தானாகச் சரியாகிவிடுகிறது. ஓரிரு நாள் எடுக்காமல் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை, இத்தனைக்கும் பேட்டரி புதிது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டுவிட்டு, ‘பிசிஎம் போயிருச்சு சார், பெட்டியை மாத்தணும்’ என்கிறார்கள், அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியை. இதுதானே நீ எழுதியது? அந்தப் பெட்டி உண்மையிலேயே செத்திருந்தால் தினமும் செத்துக் கிடக்க வேண்டும். மழைக்காலத்தில் தொல்லை, வெயிலில் நின்றால் சரி என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் பார்த்தவரை இப்படி வந்து வந்து போகிற கோளாறில் பெட்டியைவிட அதற்குப் போகிற ஒயரும், ஒயர்களை இணைக்கிற கப்ளரும், பாடியோடு சேர்கிற எர்த்தும்தான் அதிகம் மாட்டியிருக்கின்றன.

இன்னொன்றையும் நீ அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு உன் வண்டி வாசலில் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதியாக எழுதியிருந்தாய். சீட்டைக் கழற்றிக் காயவைத்தார்கள், வாசனை போனது, நாமும் மறந்துவிட்டோம். ஆனால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பான்ஜ் லேசில் காயாது. முன்சீட்டுக்குக் கீழேயும், கால் வைக்கிற இடத்துக்குப் பக்கவாட்டில் இருக்கிற பிளாஸ்டிக் பேனலுக்கு உள்ளேயும் ஒயரிங் கட்டுகள் போகின்றன, கப்ளர்கள் இருக்கின்றன, எர்த் போல்ட்டுகள் இருக்கின்றன. எல்லாம் அந்த ஈரத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அங்கே நடப்பது என்ன என்பது உனக்குத் தெரியாததில்லை. தெர்மல் பவர் ஸ்டேஷனில் ரிலே பேனலுக்கு முன்னால் நின்று ரிட்டயர் ஆனவன் நீ. ஈரத்தில் இருக்கிற கப்ளரில் எந்தப் பின்னுக்கு எப்போதும் 12 வோல்ட் வருகிறதோ, அந்தப் பின்தான் முதலில் அரிக்கும். சாவியை எடுத்தபிறகும் சப்ளை நிற்காத பின் அது. பக்கத்துப் பின்னுக்கும் அதற்கும் நடுவே உப்பு ஈரம் பாலம் போட்டுவிடும். பின்னில் பச்சைக் களிம்பு பூக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். களிம்பு வெளியே மட்டும் நிற்பதும் இல்லை. ஒயருக்குள் இருப்பது இழை இழையான செம்பு என்பதால் தண்ணீர் இன்சுலேஷனுக்குள் இழைகளின் நடுவே ஏறிப் போய்விடும். மேலே பளபளவென்று இருக்கிற ஒயரை இரண்டு அங்குலம் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கரேலென்று இருக்கும். அதனால்தான் வெள்ளத்தில் நின்ற வண்டி அப்போது நன்றாக ஓடிவிட்டு, ரொம்ப நாள் கழித்துத் தொல்லை கொடுக்கிறது. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே விற்பனைக்கு வந்த பழைய வண்டிகள் சிலவற்றில் இதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீடாமீட்டரும் ஏபிஎஸ்ஸும் ஸ்டீரிங்கும் ஒரே சமயத்தில் ஏன் போகின்றன என்று கேட்டிருந்தாய். நாம் ஐடிஐ முடித்த காலத்து அம்பாசிடரில் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர். மீட்டருக்குக் கியர்பாக்ஸிலிருந்து கேபிள் போகும். இப்போது எல்லாப் பெட்டிகளும் முறுக்கின இரண்டே ஒயரில் பேசிக்கொள்கின்றன. கேன் பஸ் என்று பெயர். ஜெர்மனியில் போஷ் கம்பெனி கண்டுபிடித்து 1986ல் வெளியிட்டது. பேச்சில்லாத நேரத்தில் இரண்டு ஒயரிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். பஞ்சாயத்தில் எல்லோருக்கும் ஒரே மைக் மாதிரி. ஒருத்தர் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் யார் பேச்சும் எடுபடாது. வேகம் எவ்வளவு என்று சக்கர சென்சாரிலிருந்து தெரிந்துகொள்வது ஏபிஎஸ் பெட்டி. அதன் பேச்சு நின்றால் மீட்டர் முள் விழும், வேகத்தைப் பொறுத்து இறுக்கம் மாற்றுகிற ஸ்டீரிங்கும் விளக்கைப் போடும். மூன்று இடத்தில் கோளாறு தெரிந்தால் மூன்று பார்ட் போய்விட்டது என்று கணக்குப் போடக் கூடாது.

ஸ்கேனர் காட்டுவதும் அவ்வளவுதான். ‘இந்தப் பெட்டியோடு தொடர்பு அறுந்தது’ என்று மற்றப் பெட்டிகள் புகார் எழுதி வைத்திருக்கும். தொடர்பு ஏன் அறுந்தது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்குச் சப்ளை வரவில்லையா, எர்த் இல்லையா, ஒயர் அறுந்ததா, பெட்டியே போனதா? நான்குக்கும் ஸ்கேனர் காட்டுகிற கோடு, அதாவது கோளாறு நம்பர், ஒன்றேதான். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பிரித்துப் பார்க்க நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. பெட்டி மாற்றினால் பில் போடலாம். எனக்கு இந்தத் தொழிலில் மனசு நோகிற இடம் இதுதான். சம்பாதித்த பணத்தைச் சேர்த்து வைத்து வண்டி வாங்கியவர்களிடம் தேவையில்லாத பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவது பாவம். பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கோடு என்பது கேள்வி, பதில் உங்கள் கையில் இருக்கிற மீட்டரில் என்பதைத்தான்.

ஒரு வாடகை வண்டி சமீபத்தில் பட்டறைக்கு வந்தது. ஹெட்லைட் போட்டால் டேஷ்போர்டு விளக்கு மங்கும், இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஒரு துள்ளு துள்ளும். வேறு இடத்தில் ஆல்டர்னேட்டரையும் ஹெட்லைட் சுவிட்சையும் மாற்றியாகிவிட்டது. நான் பேட்டரி மைனஸ் போஸ்ட்டில் மீட்டரின் ஒரு முனையை வைத்தேன், இன்னொரு முனையை ஹெட்லைட் எர்த் ஒயர் கப்ளரில். லைட்டைப் போட்டதும் 1.9 வோல்ட் காட்டியது. இருக்க வேண்டியது 0.1க்குள். பேட்டரி ட்ரேயைக் கழற்றினோம். அடியில் எர்த் ரிங் இருந்த இடத்தில் ஆசிட் வழிந்து, போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்து, ரிங்கை விரலால் தள்ளினாலே சுற்றியது. பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியவிட்டு, ஒயர் முனைக்குப் புது லக் அடித்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். அத்தனை தொல்லையும் போயே போய்விட்டது. டிரைவர் பேசாமல் அந்தப் பழைய ரிங்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், முதலாளியிடம் காட்ட வேண்டுமாம்.

இனி நீ செய்ய வேண்டியது. உன்னிடம் நல்ல டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது, அது போதும். பழைய பல்பு டெஸ்ட் லாம்ப்பைத் தொடாதே. அது இழுக்கிற கரண்டைப் பெட்டிகள் தாங்காது. மஞ்சள் கப்ளர், மஞ்சள் குழாய் போட்ட ஒயர் எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடு, அது ஏர்பேக் லைன். சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத் தொடு.

முதலில் பேட்டரி. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. வோல்டேஜ் இறங்கினால் பெட்டிகள் கண்டபடி கோடு எழுதும், அதனால் சார்ஜ் குறைந்த பேட்டரியோடு ஸ்கேன் போடுவதே வீண். பிறகு எர்த். லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மைனஸ் போஸ்ட்டிலிருந்து கைக்கு எட்டுகிற எர்த் போல்ட் ஒவ்வொன்றுக்கும் நான் மேலே சொன்ன மாதிரி எத்தனை வோல்ட் டிராப் ஆகிறது என்று பார்.

ராத்திரியில் கரண்ட் குடிப்பது எது என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. டெர்மினலைக் கழற்றி ஆம்பியர் மீட்டரைச் சேர்க்காதே. கழற்றிய நிமிஷமே பெட்டிகள் புதிதாக எழுந்துகொள்ளும், கள்ளன் ஓடிவிடுவான். கதவைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடியது போல அமுக்கிவிடு. ரிமோட் சாவியை வீட்டுக்குள் தூரமாக வை, பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது. அரை மணி நேரம் பொறு. எல்லாப் பெட்டியும் தூங்கியபிறகு, ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் தலையில் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் பார். பூஜ்யம் காட்டினால் அந்த லைனில் கரண்ட் ஓடவில்லை. எதில் காட்டுகிறதோ அந்த லைனைப் பிடித்துக்கொண்டு போ. மொத்தமாக 50 மில்லியாம்ப் வரை போகலாம், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர்தான் குறையும். உன் வண்டி ஓரிரு நாளில் படுப்பதைப் பார்த்தால் ஓர் ஆம்பியர் அளவுக்குப் போகிறது என்றுதான் தோன்றுகிறது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டேஷ் கேமராவுக்குச் சப்ளை எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் பார்த்துவிடு.

கேன் ஒயருக்கு ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற, ஸ்கேனர் மாட்டுகிற 16 பின் சாக்கெட் போதும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு 6ஆம் பின்னுக்கும் 14க்கும் நடுவே ஓம் பார். இரண்டு முனையிலும் 120 ஓம் ஒவ்வொன்று இருப்பதால் பெரும்பாலான வண்டிகளில் 60 வர வேண்டும். 120 காட்டினால் லைன் எங்கேயோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டும் ஒட்டியிருக்கிறது. மீட்டர் ஓடும்போதே யாரையாவது கார்பெட்டுக்கு அடியில் போகிற கட்டை ஆட்டச் சொல். எண் குதிக்கிற இடத்தில் பிரித்துப் பார்.

‘அவ்வளவு பெரிய கம்பெனி, அவர்களுக்குத் தெரியாததா’ என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014ல் சுமார் 26 லட்சம் வண்டிகளை இக்னிஷன் சுவிட்ச் ஒன்றுக்காகத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் பலமில்லாதது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ வண்டி குதித்தாலோ சாவி தானாகத் திரும்பி எஞ்சின் நின்றுவிடும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. அந்தக் கம்பெனி வைத்த நஷ்டஈட்டு நிதியே 124 சாவுகளை ஒப்புக்கொண்டது. பல வருஷம் ஏன் தெரியாமல் போயிற்று? நடுவில் சுவிட்சைத் திருத்தினார்கள், பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் வழக்குக்காக, வெளியிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் பழைய சுவிட்சையும் கடையில் வாங்கிய அதே நம்பர் புது சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். ஸ்பிரிங் வேறு, அது தள்ளுகிற பிளஞ்சர் என்ற குச்சியின் நீளம் வேறு. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் அதைச் சொல்லவில்லை. தங்கச்சியிடம் இதைச் சொல்.

வண்டியைத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்று உன் பையன் சொல்கிறானாம். வாங்கட்டும், நல்ல வண்டிதான். ஆனால் அதிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது படுத்தால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கிற சுவிட்சான கான்டாக்டரே ஒட்டாது, முழு சார்ஜோடு வண்டி நிற்கும். 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பெட்டியில் கோளாறு என்று ஹூண்டாய் ஐயானிக் 5 வண்டிகளை 2024ல் திரும்ப அழைத்தார்கள். அதனால் இந்தக் காரணத்துக்காக மாற்ற வேண்டாம்.

இங்கே பட்டறையைப் பெரியவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆசிலோஸ்கோப் வாங்கியிருக்கிறான், கேன் லைனின் அலையை ஸ்கிரீனில் பார்த்தே சொல்கிறான். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கிறது. சின்னவள் சேலத்துக்கு மாற்றலாகிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது பக்கக் கார்பெட்டைத் தூக்கு. பக்கவாட்டு பேனலைப் பிரித்துக் கப்ளரைக் கழற்று, இரண்டு பக்கப் பின்னையும் ஃபோனில் வெளிச்சம் போட்டு படம் எடுத்து அனுப்பு. பச்சை இருந்தால் நான் சொல்கிற அளவில் பின் வாங்கி அனுப்புகிறேன், அங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஒயருக்குள் கறுத்திருந்தால் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வா. வரும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ராஜேந்திரன்