"கண் சரியாயிடுச்சு" என்று சொல்லிப் பூனையைக் கொடுக்காதீர்கள்

தெருப்பூனைகளை மீட்டு, தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து பூனை வாங்கி வளர்ப்பவர்களும், அந்தப் பூனைகளுக்கு மாதக்கணக்கில் கண் மருந்து போடுபவர்களுமாகச் சேர்ந்து எழுதுகிறோம். உங்கள் வேலையின் அருமை எங்களுக்குத் தெரியும். கேட்க வந்தது ஒன்றுதான். பூனையை ஒப்படைக்கும்போது, "கண்ல கொஞ்சம் இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லி, பாதி தீர்ந்த சொட்டு மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் திணித்து அனுப்புகிறீர்கள். பல பூனைகளின் விஷயத்தில் கண் சரியாகவில்லை, அடங்கியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் பூனைகள் உங்களிடமே திரும்பி வருகின்றன.

தெருவில் பிறந்த குட்டிகளின் ஓயாத கண் தொல்லைக்குப் பெரும்பாலும் பூனை ஹெர்பீஸ் வைரஸ்தான் காரணம். மனிதருக்கும் நாய்க்கும் ஒட்டாது. கண்ணீர், சளி, தும்மல், சாப்பாட்டுத் தட்டு, நம் கை என்று பூனைக்குப் பூனை பரவும். ஒருமுறை தொற்றிக்கொண்டால் பத்தில் எட்டுப் பூனைகளாவது அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சில் வைரஸ் போய்ப் பதுங்கிக்கொள்வதால், அங்கிருந்து அதை விரட்ட மருந்தே கிடையாது. தடுப்பூசியாலும் முடியாது; அது நோயின் கடுமையைக் குறைக்கும், அவ்வளவுதான். எனவே "குணமாகிவிட்டது" என்பதற்குப் பதில், "இது வந்து வந்து போகும், வரும்போது இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுப் பயந்து பின்வாங்குபவர் எப்படியும் இரண்டாவது மாதம் பூனையைத் திருப்பிக் கொண்டுவரக்கூடியவர்தான்.

அடுத்தது நாள் கணக்கு. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பூனைக்கு மிரட்சியோ உடல் அலைச்சலோ ஏற்பட்டால் பதுங்கிய வைரஸ் எழும். ஆனால் அன்றைக்கே எழாது. 4 முதல் 11 நாள், சராசரியாக ஒரு வாரம் கழித்துத்தான் வைரஸ் வெளியே வரத் தொடங்கும். பிறகு ஒன்று, இரண்டு வாரம் நீடிக்கும். வைரஸைக் கிளப்பிவிடும் காரணங்களில் இடமாற்றம் முக்கியமானது. சனிக்கிழமை ஒப்படைத்த பூனைக்கு அடுத்த சனிக்கிழமை வாக்கில் கண்ணில் நீர் வடியும், தும்மும். உங்களிடம் இருந்தவரை கண் பளிச்சென்றுதான் இருந்திருக்கும். வாங்கியவரோ தன் வீட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று குமைவார், இல்லையென்றால் நீங்கள் நோயை மறைத்துத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கோபப்படுவார். பூனை திரும்பி வந்தால் அது இன்னொரு இடமாற்றம், அடுத்த வாரம் இன்னொரு கிளர்ச்சி.

கருத்தடை அறுவை, தடுப்பூசி, ஒப்படைப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவது உங்களுக்கு வசதி என்பது புரிகிறது. கூண்டு காலியானால்தான் அடுத்ததை மீட்க முடியும். ஆனால் கண் தொல்லை இருந்த பூனைக்கு மட்டுமாவது, அறுவைக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். அது முடியாவிட்டால், "ஒரு வாரம் கழித்துக் கண்ணில் நீர் வடியலாம், எதிர்பாருங்கள்" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு வரி பல பூனைகளைத் திரும்பி வராமல் தடுக்கும். தோல் அரிப்புக்காக நீண்டநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் வைரஸை எழுப்பும் என்பதை உங்கள் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

புதிய வீட்டில் முதல் இரண்டு வாரம் பூனைக்கு ஒரே அறை போதும். உங்களிடம் சாப்பிட்ட அதே உணவு, அதே வகை மணல், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, உங்களிடம் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே. வேறு பூனைகள் இருந்தால் தட்டும் மணல் தட்டும் தனித்தனி. வைரஸ் உடம்புக்கு வெளியே ஈரத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது, காய்ந்தால் அதற்கும் முன்பே செத்துவிடும்; சாதாரண சோப்பே போதும். ஊதுபத்திப் புகை, வாசனைத் தெளிப்பான், தூசி பறக்கும் மணல் இம்மூன்றையும் அந்த அறையில் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பாதிப் புட்டிக்கு வருவோம். திறந்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் போன சொட்டு மருந்தை வீசிவிட வேண்டும். திறந்த தேதி புட்டியில் இல்லையென்றால் அதைக் கொடுக்கவே கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுப்பது. மனிதர்களுக்கான கண் சொட்டுகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். போட்ட மறுநாளே கண் சிவப்பு குறையும், எல்லோருக்கும் திருப்தி. கருவிழியில் புண் இருந்தாலோ, சில நாளில் அது ஆழமாகி, கரைந்து, கண் பொத்துக்கொள்ளும். ஹெர்பீஸ் உண்டாக்கும் புண் கிளைவிட்ட கோடு போல மிக நுண்ணியது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஃபுளோரசின் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தால்தான் பச்சையாக ஒளிரும். சாயச் சோதனை செய்யாத கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு கிடையாது என்பதை உங்கள் குழுவின் எழுதப்பட்ட விதியாக வையுங்கள். ஸ்டீராய்டு தேவைப்படும் கண் நோய்களும் உண்டு. அதை முடிவு செய்யவேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவர்.

இன்னொன்று, உயிர் விஷயம். "ஹெர்பீஸ்தானே" என்று மனிதர்களுக்கான வாலாசைக்ளோவிர் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை, ஈரல், சிறுநீரகம் மூன்றும் கெட்டுச் செத்துப்போகும். பூனைக்குத் தாங்குகிற வைரஸ் மாத்திரை ஃபாம்சைக்ளோவிர்; எடைக்கேற்ப அளவைக் கால்நடை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். கசப்பு அதிகம், உடைத்துக் கொடுத்தால் நுரை தள்ளித் துப்பிவிடும், காலி கேப்சூலில் அடைத்துக் கொடுப்பது நல்லது. நியோமைசின், பாலிமிக்ஸின் கலந்த கண் மருந்துக்கு மிக அரிதாகச் சில பூனைகளுக்குக் கடும் ஒவ்வாமை வரும், எனவே முதல் தடவை போட்டதும் சில மணி நேரம் பூனையைக் கண் பார்வையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஹெர்பீஸுக்கு நல்லது என்று உணவில் கலக்கும் லைசின் என்ற சத்துப் பொடியையும் மறந்துவிடலாம். பல குழுக்கள் இன்னும் பொட்டலம் கட்டிக் கொடுக்கின்றன. அதுவரை நடந்த ஆய்வுகளை அலசி 2015-ல் வந்த கட்டுரை, பூனை ஹெர்பீஸைத் தடுக்கவும் குணமாக்கவும் லைசின் உதவவில்லை என்று முடிவு சொன்னது. காப்பகப் பூனைகளில் நோயை அதிகமாக்கியதாகக் காட்டிய ஆய்வும் அதில் உண்டு. அந்தக் காசுக்கு நல்ல காஸ் துணி வாங்குங்கள்.

காஸ் துணி என்றதும், கண் துடைக்கும் முறை. இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, ஒப்படைக்கும் நாளில் வாங்குபவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் சிறந்தது. கிடைக்காவிட்டால், அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் நாலரை கிராம் உப்பு, அதாவது சுமார் முக்கால் தேக்கரண்டி. அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் வேறு, அது கூடாது. பஞ்சு வேண்டாம், நார் பிரிந்து கண்ணில் ஒட்டும். காஸ் துணியை வெதுவெதுப்பான சலைனில் நனைத்து, காய்ந்த பீளையின் மேல் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஊறினால் தானே கழன்று வரும். நகத்தால் பிய்த்தால் இமை ஓரத்துத் தோலும் சேர்ந்து வரும். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அந்தத் துணி குப்பைக்கு. அடுத்த கண்ணுக்கு வேறு துணி. மூக்கோரத்தில் காய்ந்திருக்கும் செம்பழுப்பு நிறம் ரத்தம் இல்லை, கண்ணீரிலுள்ள நிறமி. மஞ்சளும் பச்சையுமாகப் பீளை தள்ளினால்தான் கிருமி சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

சொட்டு விடும்போது எதிரே நின்று புட்டியைக் காட்டாதீர்கள். பூனையை மேசைமேல் வைத்து, அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றில் பதியும்படி நிறுத்துங்கள். கால் உதறினால் துண்டில் சுற்றுங்கள். இடது கையால் தாடையைத் தாங்கி மூக்கை மேலே தூக்குங்கள். புட்டி பிடித்த வலது கையின் அடிப்பகுதியை உச்சந்தலையில் ஊன்றி, அதே கையின் சுண்டுவிரலால் மேலிமையை லேசாக இழுத்துவிட்டு, மேலேயிருந்து ஒரு சொட்டு. தலை அசைந்தால் கையும் கூடவே அசையும், முனை கண்ணில் குத்தாது. ஒரு சொட்டே பூனைக்கண் கொள்ளும் அளவைவிட அதிகம், இரண்டாவது வழிந்துதான் போகும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம் விட வேண்டும். தண்ணீர் போன்றது முதலில், குலுக்கிவிடும் கலங்கல் அடுத்து, களிம்பு கடைசியில். களிம்பை முதலில் போட்டால் பின்னால் விடும் சொட்டு அதன்மேல் வழுக்கி ஓடிவிடும். களிம்பு அரிசி நீளம் போதும். சொட்டு விட்டதும் வாயில் நுரை தள்ளினால் பயப்பட வேண்டாம், கண்ணீர்க் குழாய் வழியாக மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கிக் கசக்கிறது. முடிந்த கையோடு பிடித்த தீனி ஒன்று கொடுத்தால் மறுநாள் கட்டிலுக்கடியில் தேட வேண்டியிருக்காது.

எல்லாக் கண்ணும் ஹெர்பீஸ் இல்லை. ஒரு கண்ணில் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் மற்றதற்கும் தாவி, வெள்ளைப்பகுதி நீர் கோத்துப் புடைத்திருந்தால் கிளமிடியா என்று சந்தேகப்படலாம். அதற்குச் சொட்டு மட்டும் பற்றாது, கிருமி உடம்பில் வேறிடங்களிலும் இருக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை நான்கு வாரம், அதுவும் கூட இருந்த எல்லாப் பூனைகளுக்கும். பத்து நாளில் கண் தெளிந்ததும் நிறுத்திவிடுவதால்தான் திரும்ப வருகிறது. அந்த மாத்திரையை வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, குழாயே சுருங்கிவிடக்கூடும். பின்னாலேயே 5 மி.லி. தண்ணீரோ கொஞ்சம் ஈர உணவோ கட்டாயம்.

சின்ன வயதில் கண் ஒட்டிப்போன குட்டிகளுக்கு இமையின் உட்சவ்வு கருவிழியோடு ஒட்டிக்கொண்டுவிடும். கண்ணீர் வடியும் துளையும் அடைபடும். அந்தக் கண்ணில் ஆயுள் முழுக்க நீர் வழியும், மருந்தால் நிற்காது, தினம் துடைப்பதுதான் வழி. மேலிமையின் வெளிப்பாதி இல்லாமலே பிறக்கும் குட்டிகளும் உண்டு, முடி கருவிழியை உரசிக்கொண்டே இருக்கும். நெடுநாள் கண்ணை இடுக்கிய கடுவன்களுக்கு இமை உள்ளே மடங்கிவிடும். கடைசி இரண்டுக்கும் அறுவைதான் தீர்வு. இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சொட்டு விடுவது வீண்.

எப்போது ஓட வேண்டும் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கினால் வலி, அன்றைக்கே மருத்துவர். கருவிழி நீலம் பூத்தாலோ, பூ விழுந்தது போலிருந்தாலோ, இரண்டு பாவைகளும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ அன்றைக்கே. கருவிழியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டு தெரிந்தால், திசு செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூசி என்று துடைக்கக் கூடாது. சாதாரணப் புண் ஒரு வாரத்தில் ஆறும். ஆறாவிட்டால் புட்டியை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேடச் சொல்ல வேண்டும். நாய்க்குச் செய்வதுபோல ஆறாத புண்ணை ஊசியால் கட்டம் கட்டமாகக் கீறும் முறை பூனைக்குக் கூடாது, அந்தக் கறுப்புத் திட்டு அதனாலேயே வரக்கூடும். புண் ஆறும்வரை கழுத்துக் கூம்பு கழற்றக் கூடாது. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, உணவை லேசாகச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரல் கெடும் அபாயம், கண்ணைவிட அது முந்தும்.

காப்பாற்ற முடியாத கண்ணை எடுத்துவிட மருத்துவர் சொன்னால், வீடு கிடைக்காதோ என்று தள்ளிப்போடாதீர்கள். சுருங்கி, குருடாகி, வலித்துக்கொண்டிருக்கும் கண்ணைவிடத் தைத்து மூடிய இமை பூனைக்கு நிம்மதி. ஒற்றைக்கண் பூனை தாவும், விளையாடும்.

கடைசியாக, விளம்பரப் படங்கள். நல்ல கண் தெரியும் பக்கமாகத் திருப்பி எடுக்கிறீர்கள். ஒப்படைக்கும் நாளன்று, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுங்கள்: நேர்முகம் ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, கருவிழி தெளிவாகத் தெரியும்படி. தேதியோடு வாங்குபவருக்கு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அந்தக் கண்ணில் வெண்திட்டு ஒன்றைப் பார்க்கும்போது, அது பழைய தழும்பா புதிய புண்ணா என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லும்.

இப்படிக்கு,
உங்கள் பூனைகளை வளர்ப்பவர்கள்